ஒரே ஓனர், வயதான அம்மா

வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் சிவப்பு காரின் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.



அந்தச் சிவப்பு வண்டியைக் காலை எட்டு மணிக்கே வந்து ஓடவிட்டு வைத்திருந்தேன். குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பினால், தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவதுபோல அடியில் ஒரு சத்தம் வரும். சூடேறிவிட்டால் வராது. பழைய கார் தொழிலில் இதெல்லாம் சகஜம். தொட்டுப் பார்க்கிற ஆள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை.

"சூடா இருக்கே கண்ணு," என்றார். "ஆறட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எழுபதைத் தாண்டியவர். ஊன்றுகோல், பச்சை மழைக்கோட்டு, தோளில் ஒரு கைப்பை. ஹாலிஃபாக்ஸ் பேருந்தில் வந்து இறங்கியவர், முன்வரிசையில் நான் துடைத்து நிறுத்தியிருந்த ஆட்டோமேட்டிக் வண்டிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

பின்வரிசை இளவட்டங்களுக்கானது. சின்ன ஹேட்ச்பேக்குக்குள் பெரிய எஞ்சினைத் திணித்த வண்டிகள். பார்க்கச் சாதுவாக இருக்கும். மிதித்தால் தெரியும் சேதி.

என் கடமைக்குச் சொல்லிப் பார்த்தேன். தினப்படி ஓட்ட இது தோதுப்படாது, கிளட்ச் கல்மாதிரி இருக்கும், பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்றேன்.

"தினமும் ஓட்டத்தான் வாங்குறேன். ரொட்டி வாங்க, லைப்ரரிக்கு, பல் டாக்டர்ட்ட போக. பல் டாக்டர்ட்ட மெதுவாத்தான் போகணும்னு சட்டமா இருக்கு?"

அவர் கைபேசி அடித்தது. எடுத்து, "ஆமா ஸ்டூவர்ட், நீ சொன்ன மாதிரியே சின்ன வண்டிதான் பார்க்கிறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"மகன். நான் இனிமே ஓட்டவே கூடாதாம். ஓட்டியே தீருவேன்னா ஆட்டோமேட்டிக்காம். இடுப்பை உடைச்சது மாடிப்படி. அதைக் கழட்டி வீசணும்னு ஒருத்தனும் சொல்லல. டாக்டரே ஓட்டலாம்னு எழுதிக் கொடுத்துட்டார், இவனுக்கு என்ன?"

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் தொழில் தொழில்தானே. பேச்சு நின்ற இடத்தில் எங்கள் பரம்பரை வசனத்தை எடுத்துவிட்டேன்.

"ஒரே ஓனர்தாம்மா. வயசான அம்மா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு, மத்த நாள்ல கடைக்கு. மூணாவது கியரையே தாண்டியிருக்க மாட்டாங்க."

ஏலத்தில் எடுத்த வண்டி அது. ஒரே ஓனர் என்பது மட்டும் காகிதத்தில் இருந்தது. ஆணா பெண்ணா, கிழவியா குமரியா, யார் கண்டது? இந்த நாட்டில் பழைய கார் விற்கிற எவனும் இந்தச் சர்ச்சு அம்மாளைத்தான் சொல்லுவான். என் அப்பாவும் சொன்னார்.

"அப்படியா," என்றார். "நல்ல பொம்பளையா இருந்திருப்பா."

நாற்பது நிமிடம். தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு பிளாஸ்க்கிலிருந்து தேநீர் குடித்தார். மழை தூறிக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு முறை போய் பானெட்டைத் தொட்டுவிட்டு வந்தார்.

பிறகு உள்ளே ஏறினார். குனிந்து தேடாமல் அடியில் கையை விட்டு, இருக்கையை இரண்டு படி முன்னால் இழுத்துக்கொண்டார். நான் சாவியைக் கொடுத்தேன்.

ஆணிகள் குலுங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு.

திறந்தபோது அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எடுத்துக்கிறேன்."

அலுவலகத்தில் காகிதங்களை நிரப்பினோம். பிரெண்டா கிரீன்வுட் என்று அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமே என்றேன். காலையில் பேருந்து ஏறும் முன்பே எடுத்துவிட்டாராம். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எவராவது இன்சூரன்ஸ் எடுப்பார்களா?

மனசு உறுத்தியது. ஒரு உண்மையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஒரு குறை இருக்கும்மா. சாவி ஒண்ணுதான். ரெண்டாவது சாவி ஏலத்துலயே வரல."

அவர் கைப்பையைத் திறந்து, துழாவி, எதையோ எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

ஒரு சாவி. ரப்பர் தேய்ந்து, கழுத்தில் மஞ்சள் கம்பளி நூல் கட்டியிருந்தது.

அதன் பொத்தானை அமுக்கினேன். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு வண்டி இரண்டு முறை கண்சிமிட்டியது.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஸ்டூவர்ட் ஒரு காகிதத்தை நீட்டினான். மாத்திரை மயக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுல மாட்டியிருந்த சாவியோட வண்டியை வித்துட்டான். என் கைப்பைக்குள்ள பார்க்க அவனுக்குத் தோணல." எழுந்தார். "நாலு மாசமா வண்டி நம்பரை இன்டர்நெட்டுல போட்டுத் தேடுறேன்."

அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊன்றுகோலைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஏறினார். கண்ணாடியை இறக்கினார்.

"அந்தச் சத்தத்துக்குப்போயி காலையிலேயே சூடாக்கி வெச்சு மெனக்கெட்டியா கண்ணு? வாங்கின ரெண்டாவது வருஷத்துலேர்ந்து அது அப்படித்தான். அப்புறம், அந்த அம்மா சர்ச் பக்கமே போனதில்ல."

வலப்பக்கம் திரும்பினால் ஊர், ரொட்டிக்கடை, லைப்ரரி எல்லாம். அவர் இடப்பக்கம் திரும்பி மலைச்சாலையைப் பிடித்தார்.

மழையில் நின்று கேட்டேன். இரண்டாவது கியர். மூன்றாவது.

வளைவுக்கு முன்னாலேயே நான்காவதும் விழுந்தது.