குப்பைச் சீட்டு

கிரவீன் புறநகரில் ஞாயிறு பின்னேரம். பாதி உயர்த்திய கராஜ் கதவுக்குக் கீழாக வரும் வெயில் சீட்டு மேசையின் காலைத் தொட்டு நிற்கிறது. வினுஷாவைப் பெண் கேட்டு வந்த என்னை, அவளுடைய அப்பா நடேசலிங்கம் அங்கிள் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆட இருத்தியிருக்கிறார். நகரத்துக் கசினோவில் போக்கர் ஆடித்தான் பிழைக்கிறேன் என்று சொல்லியாயிற்று. “பாப்பம்” என்றார். அங்கே மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் நாங்கள் அசைவதில்லை. இங்கே அவரும் அவருடைய கூட்டாளிகள் இருவருமாக மூன்று அங்கிள்மாரும் ஒரேயடியாகக் கத்துகிறார்கள். எனக்குச் சோடியான நடேசலிங்கம் அங்கிளோ புருவம், இருமல், தேநீர்க் கரண்டி என்று எல்லாவற்றாலும் சைகை காட்டுகிறார். என் தொழிலில் அதற்குப் பெயர் கள்ள ஆட்டம். பல்லைக் கடித்தபடி, எதிராளி வெல்லும் சுற்றில், போக்கர் கைப்பழக்கத்தில், குப்பைச் சீட்டென்று ஒன்பதை எறிகிறேன். இந்த ஆட்டத்தில் வீரன் எனப்படும் ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டே ஒன்பதுதான் என்பது அது மேசையில் விழுந்த பிறகே உறைக்கிறது. எதிராளி மிக்சர் ஒட்டிய விரலால் அதை அள்ளுகிறார். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு வினுஷா. நடேசலிங்கம் அங்கிள் அவளைப் பார்த்துக் கையை விரிக்கிறார்.

“சூதாடுறவன் எண்டாலும் பரவாயில்லை எண்டு மனசைத் தேத்தி வைச்சிருந்தனான், பிள்ளை. இவனுக்கு ஆடவும் தெரியேல்லையே!”