முழங்கால் வரைக்கும்

"நித்திரை கொள்ளாதேங்கோ அக்கா! நெற்றியைத் தளர்த்தச் சொன்னனான், குறட்டை விடச் சொல்லேல்லை."

பாயில் கிடந்த கமலாசனி திடுக்கிட்டுக் கண் விழித்தாள். "நான் எங்க நித்திரை? மூச்சைத்தான் இழுத்தனான், மிஸ்."

உளவள ஆலோசகர் கௌசலாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மன அழுத்தம் என்று இந்தக் கிளிநொச்சி நிலையத்துக்கு வருபவர்கள் மூச்சுப் பயிற்சியும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்து நாலே கிழமையில் தேறிவிடுவார்கள். உருத்திரபுரத்திலிருந்து வரும் இந்த அக்காவுக்கு மட்டும் இது எட்டாவது புதன்கிழமை. ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை. வந்ததும் யாரும் சொல்லாமலே போனை நிறுத்திப் பைக்குள் போட்டுவிடுவாள்.

"வீட்டில செய்து பாத்தனீங்களோ?"

"ஓம் மிஸ். ரெண்டு தரம் மூச்சு இழுத்தன். அதுக்குள்ள மாடு அவிட்டுக்கொண்டு ஓடிட்டுது."

"அறைக் கதவைப் பூட்டிப்போட்டுச் செய்யிறதுதானே?"

"பூட்டினனான். மனுசன் வந்து தட்டு தட்டெண்டு தட்டுது. 'உள்ளுக்க செத்துக்கித்துப் போனியோ, எனக்கு ஆர் தேத்தண்ணி போடுறது' எண்டு."

கௌசலா நாலு வரை எண்ணி, தானே ஒரு மூச்சை இழுத்து விட்டாள்.

"இண்டைக்கு முடிவாச் சொல்லுங்கோ. சுகமெண்டால் உங்கட அட்டையை மூடுறன். இல்லையெண்டால் வவுனியாவுக்குப் பெரிய டொக்டரிட்ட அனுப்புறன், குளிசை தருவார். வெளியில ஆக்கள் காத்துக்கொண்டு இருக்கினம்."

கமலாசனியின் முகம் கறுத்தது. "குளிசை வேண்டாம் மிஸ்! சுகம் வருது. போன கிழமை இடுப்பு வரைக்கும் தளர்ந்தது. இண்டைக்கு முழங்கால் வரைக்கும் வந்திட்டுது. அதுக்குக் கீழதான் இன்னும் இறங்கேல்லை."

"இதென்ன குளத்துத் தண்ணியே, வாய்க்கால் வாய்க்காலா இறங்கிறதுக்கு? எழும்புங்கோ! கடிதம் எழுதி வைக்கிறன், நாளைக்கு வந்து எடுங்கோ."

கமலாசனி தலையைக் குனிந்தபடி வெளியே போனாள். கௌசலா பேனையை எடுத்தாள்.

பாதி திறந்திருந்த கதவுக்கு அப்பால், கமலாசனி போனை இயக்கியதும் அது அலறியது.

"சீனி குசினி அலுமாரியில, ரெண்டாம் தட்டில... ஓம்... சாரம் கொடியில காயுது... மாட்டை நான் வந்து பாக்கிறன்... வாறன், வாறன்."

பிறகு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த புதுப் பெண்ணிடம் அவள் மெல்லச் சொல்வது கேட்டது.

"முதல் தரமோ, தங்கச்சி? ஒண்டு சொல்லுறன். சுகமெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. அட்டையை மூடிப்போடுவினம். பிறகு அரை மணித்தியாலம் போனை நிப்பாட்டிப்போட்டுப் படுக்க எங்களுக்கு வேற எந்த இடம் இருக்கு?"

கௌசலாவின் பேனை நின்றது.

வவுனியாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கமலாசனியின் அட்டையில் எழுதினாள்: "முழங்கால் வரை தளர்ந்துள்ளது. மீதி: கணுக்கால், பாதம், பத்து விரல்கள். கிழமைக்கு ஒரு விரல்."