அம்மன் காலடிப் பப்பாளி

"பையைத் தெறங்க பண்டாரம்!"

அழகேசன் போட்ட சத்தத்தில் கோயில் புறாவெல்லாம் சிறகடித்துப் பறந்தன.

பூசை செய்யும் சன்னாசிப் பண்டாரம் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேணாம் தம்பி, விட்டுடுங்க."

விடுகிற ஆளா அழகேசன்? ஈஜோக் ஊர்ப் பழக்கொட்டகையில் பப்பாளி தரம் பார்ப்பவனாயிற்றே. தடவினால், மோந்தால், பூஞ்சை பிடித்த காயைச் சொல்லிவிடுவான். ஒரு பழத்தில் கரும்புள்ளி கண்டாலும் ஊர் கேட்க ஏசிவிட்டுக் கூடையோடு தள்ளுவான்.

இன்று இந்தக் கோயிலில் அவன் மகள் கலாவதிக்கு நிச்சயம். வெள்ளிக்கிழமை தன் மரத்துக் காயை அவனே பொறுக்கி, காம்போரம் நகத்தால் 'க' என்று கீறி, அம்மன் காலடியில் வைத்தான். அந்தத் தோட்ட லயத்து வழக்கம் அது. பழுத்ததும் இரண்டு வீட்டார் முன்னால் அறுக்க வேண்டும். பழம் நன்றாக இருந்தால் பொண்ணு ராசிக்காரி. கெட்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

பாவம், கலாவதிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

இந்த நாளில் போய், சன்னதிப் படையலிலிருந்து ஒரு பப்பாளியைப் பைக்குள் திணிக்கிறாரே மனுஷன்! அழகேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் கலும்பாங்கிலிருந்து சம்பந்தி நல்லசாமியின் கார் வீட்டாரோடு வந்து நின்றது.

"என்னங்க சத்தம்?"

"அம்மன் பழத்தைத் திருடுறாருங்க!"

பண்டாரம் தலையைக் குனிந்தார். "ஆமாங்க. ஆசைப்பட்டு எடுத்துட்டேன்."

"சேச்சே! சாமி காரியம் பண்றவரா நீங்க?" என்றார் நல்லசாமி.

"நாளையிலேர்ந்து கோயில் பக்கம் வராதீங்க லா!" என்றான் அழகேசன்.

"சரி தம்பி. உங்க பழத்த அறுத்துக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

அறுத்தார். அழகேசன் சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடேயப்பா, தங்கம்!" நல்லசாமி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தட்டு மாற்றினார்கள்.

கார் கிளம்பியதும், திருட்டுப் பழத்தை மீட்க அழகேசன் கோயில் பின்கட்டுக்கு ஓடினான். புறப்பட்டுக்கொண்டிருந்த பண்டாரத்திடமிருந்து பையைப் பிடுங்கிப் பிரித்தான்.

உள்ளே ஒரு பப்பாளி. மேலெல்லாம் குழிந்த கரும்புள்ளி. காயில் அவன் மூக்குக்கும் தப்பிப் பதுங்கியிருந்து, பழுத்தபின் தலைகாட்டுகிற பூஞ்சை. காம்போரம் 'க'.

அவன் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தான். "அப்ப... அறுத்தது?"

"எங்க வீட்டு மரத்துப் பழம் தம்பி. காலைல பாத்தேன், மனசு கேக்கல. மாத்தி வச்சிட்டேன்."

"ஐயோ, அத்தன பேர் முன்னாடி திருடன்னேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பண்டாரம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"திருடன்னா என்னோட போச்சு. பழம் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா, உங்க கொட்டகையில தள்ளுற மாதிரி, பொண்ணையும்ல கூடையோட தள்ளியிருப்பாங்க?"