எல்லாக் கதையிலும் அதே பிசாசு

கதவைத் திறந்ததும் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினாள், மறைந்த பேய்க்கதை எழுத்தாளரின் மகள். அவருடைய கதைகளை ஆராய வந்தவன் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க அப்பாவோட எல்லாக் கதையிலயும் ஒரே பிசாசுதாம்மா வருது. ஒட்டின புருவம், மடிஞ்ச இடது காது. மரண பயத்தோட குறியீடுன்னு எழுதப்போறேன்."

"குறியீடாவது கத்தரிக்காயாவது. அவர் கதையையெல்லாம் கண்டபடி வெட்டின பத்திரிகை ஆசிரியர்தான் அது. அப்பாவுக்கு அவ்வளவு கடுப்பு. தன்னைத்தான் எழுதறார்னு தெரியாமலே எல்லாத்தையும் போட்டுட்டார் அந்த மனுஷன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கண்ணாடியே பார்க்க மாட்டாரா? பிசாசுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?"

"பேரன் இருக்கணும்" என்றாள் அவள், அவனுடைய மடிந்த இடது காதையே பார்த்தபடி. "உங்க தாத்தா பத்திரிகையிலதானே இருந்தார், தம்பி?"