பாமாவுக்கு ஒரு பதில்

“ஒரு தடவை நிறுத்திட்டா மறுபடி எழுந்திருக்கும்னு சொல்ல முடியாது சார். வயசாயிடுச்சு” என்றார் சலீம்.

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குளிரூட்டிய அந்த முன்னறையில் கட்டில் இல்லை, நோயாளி இல்லை. இரும்புச் சட்டத்தில் இரண்டு பழைய சர்வர்கள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன.

அமீர்பேட்டையில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து எடுத்துவந்து, சுந்தரேசனின் பிள்ளை அச்யுத்துக்கு அவற்றை விற்றவரே சலீம்தான். வேலையை விட்டுவிட்டு, ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் அவற்றை வைத்து, சின்னச் சின்னக் கடைக்காரர்களின் வெப்சைட்டுகளுக்கு இடம் கொடுக்கும் தொழிலை அச்யுத் தொடங்கினான். போன ஆடியில் மல்லாபூர் வளைவில் ஒரு லாரி. பைக்குக்குக் கீறல்கூட இல்லை; அவன்தான் போய்விட்டான்.

அதன் பிறகு சுந்தரேசன் படுக்கையை விட்டு எழவே இல்லை. பிள்ளை இல்லாத தொழிலை நம்பாமல் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அந்த நேரத்தில்தான் நங்கநல்லூரிலிருந்து பாமா என்று ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். வயர் கூடை பின்னுவது பற்றி ஒரு பக்கம் வைத்திருந்தாள்.

மத்தியானமானால் அவளிடமிருந்து ஒரு புகார் வந்துவிடும். படம் தெரியவில்லை, எழுத்து கோணல், நிறம் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் எழுதுவதற்காகவே சுந்தரேசன் எழுந்து உட்கார்ந்தார், பிள்ளையின் புத்தகங்களைப் படித்தார். பதிலின் அடியில் ‘அச்யுத்’ என்று தானாகவே விழும்படி அவன் அமைத்துவிட்டுப் போயிருந்தான். அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

“நிறுத்திடலாம் பாய்” என்றார் இப்போது. “என் ஆத்துக்காரி இந்தப் பக்கமே வரமாட்டேங்கறா. இந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் அவளுக்கு அவன் ஞாபகம்தான்.”

“ஹவ், ஆமா சார், புரியுது. காலைலேருந்து போன் போட்டேன், போகவே இல்ல. அதான் இதைத் திருப்பி எடுத்துக்க ஆட்டோவோட நேரா வந்துட்டேன்.”

“எப்படிப் போகும்? ரோட்டைத் தோண்டறேன்னு கேபிளை அறுத்துட்டான். போனும் இல்லை, நெட்டும் இல்லை.”

“அதுவும் நல்லதுதான். லைன் இல்லாதப்போ கழட்டினா ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் மனைவி பட்டு, காப்பி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றாள். அறைக்குள் வரவில்லை.

“காப்பி எடுத்துக்கோங்கோ பாய்.”

“எதுக்கும்மா சிரமம்” என்று எழுந்துபோய் வாங்கிக்கொண்டார் சலீம்.

“பாமாதான் பாக்கி” என்றார் சுந்தரேசன். “நாளையோட மூடறோம், வேற எடம் பாத்துக்கோங்கோன்னு நேத்திக்கே எழுதிட்டேன். இன்னும் பதிலைக் காணும்.”

“அந்தப் பொம்மனாட்டிக்கு வேற வேலை கிடையாது” என்றாள் பட்டு. “வயர் கூடை பின்னறவளுக்கு வெப்சைட் ஒரு கேடு. தினம் புகார் எழுதறதும் இல்லாம, நீ சாப்டியான்னு ஒரு கேள்வி வேற.”

“பாவம், விடு. உனக்கு இதுல சம்மதந்தானே?”

“உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே அச்யுத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. வீடு முழுக்க வயர் இழுத்து அதையும் இந்த சர்வரோடு இணைத்திருந்தான். மத்தியானங்களில் பட்டு அதில்தான் சீட்டாடிக்கொண்டிருப்பாள்.

சலீம் காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சுந்தரேசன் முதல் சர்வரின் மேல் கையை வைத்தார். கதகதப்பாக இருந்தது.

அப்போது மெயில் மணி அடித்தது. அச்யுத் வைத்த மணி.

சுந்தரேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பாமாதான்.

‘அச்யுத், கடையை மூடாதே. உனக்கு எழுத எனக்கு வேற எடம் இல்லை. சாப்டியா?’

இரண்டாவது முறையும் படித்தார். பிறகு மேஜையின் ஓரத்தில் இருந்த மோடத்தைப் பார்த்தார். அதன் விளக்கு காலையில் அணைந்தது அணைந்தபடியே இருந்தது. சர்வரிலிருந்து சுவரோரமாகப் பின்கட்டுக்குப் போகும் வயரையும் பார்த்தார்.

“என்ன சார், மொதல்ல எதைக் கழட்டறது?”

“வேண்டாம் பாய். மன்னிச்சுக்கோங்கோ. நான் குடுக்கலை.”

“என்ன சார் இது? ஆட்டோ வெளியில நிக்குது.”

“ஒரு கஸ்டமர் இருக்கா.”

“ஒரே ஒரு கஸ்டமருக்காகவா?”

சுந்தரேசன் தலையாட்டினார். சலீம் அவர் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “குதா ஹாஃபிஸ் சார்” என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

சுந்தரேசன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

‘மூடலை. நான் சாப்டாச்சு. நீயும் வேளா வேளைக்குச் சாப்டு.’

அடியில் ‘அச்யுத்’ என்று தானாகவே விழுந்தது. அனுப்பினார்.

எழுந்து வந்து, பின்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பட்டு, அச்யுத் பதில் போட்டிருக்கான். பாரு.”