வம்சப் படம்

எழுபத்திரண்டாம் வருஷம், வடகரப்பதி ஆறுமுகசாமி தன் மகள் பழனாத்தாளுக்கு வந்த வரன்களையெல்லாம் வம்சத்தில் குறை சொல்லியே திருப்பியனுப்பினார். உறவுமுறை ஆராய்ச்சிக்காகச் சென்னையிலிருந்து வந்து ஊரில் தங்கியிருந்த அர்த்தநாரியை மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது.

“ஆணுக்கு முக்கோணம், பொண்ணுக்கு வட்டமுங்க. புருசன் பொண்டாட்டின்னா நடுவால ரெண்டு கோடு” என்று, ஆறுமுகசாமி குடும்பத்துக்காகப் பென்சிலால் வரைந்த வம்சப் படத்தைக் காட்டினான் அர்த்தநாரி.

“உங்களுது என்ன கூட்டமுங்க தம்பி?”

குலப்பிரிவான கூட்டம், குலதெய்வம், தாய்மாமன் ஊர் எல்லாம் சொன்னான்.

“அட, குறை சொல்ல எடமே இல்லீங்களே!”

இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, படத்தில் பழனாத்தாளின் வட்டத்தோடு இரண்டு கோடுகளால் ஒரு முக்கோணம் சேர்ந்திருந்தது.

“ஏனுங்க தம்பி, கண்ணாலம் ஆகாத புள்ளைக்குப் பக்கத்துல யாரு இது?”

“நான் வரையலீங்க.”

“நாந்தானுங்கப்பா வரைஞ்சேன்” என்றாள் கதவருகே நின்ற பழனாத்தாள். “அது அவருதானுங்க. குறையில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க.”

அர்த்தநாரி ரப்பரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.