ஆடிக் கொப்பரை, ஜூலை எண்ணெய்

இரண்டு ரிப்போர்ட்டையும் கோகிலவாணி அப்பாவின் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். காற்றில் பறந்துவிடாமல் மூலையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

காங்கேயத்தில் அது சாப்பாட்டு நேரம். எண்ணெய் மில்லில் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ஆபீஸில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

ஒன்று, அப்பா தம்பிதுரை எழுதிய கொப்பரை வரவு. பழைய ஆள், அவருக்கு மாதம் என்றால் ஆடி, ஆவணிதான். மற்றது, அவள் கணவன் கிருபாசங்கர் எழுதிய எண்ணெய் விற்பனை. பேங்குக்குப் போகிற கணக்கு, அதனால் ஜூலை, ஆகஸ்டு என்று இருக்கும்.

தொண்ணூற்று மூன்றில், ஆடி வரவையும் ஜூலை விற்பனையையும் அப்பா ஒத்துப் பார்த்தார். வந்த கொப்பரைக்கு நாற்பது டின் எண்ணெயைக் காணோம். எண்ணெய்க்குப் பொறுப்பு மாப்பிள்ளை.

ஆளுகள் எல்லாம் பார்க்க, "ஏனுங் மாப்பிள்ளை, எண்ணெய் ஆவியாப் போயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மானம்தான் போனது. அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வருமா?

கிருபாசங்கர் அன்றைக்கே உடுமலைப்பேட்டைக்கு, தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினான். செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நீயும் நம்பறயா கோகிலா?"

பாவி, அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் கணக்குத் தப்புமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். யோசித்து முடிப்பதற்குள் அவன் தெருமுனை திரும்பிவிட்டான்.

பிறகு எத்தனையோ தடவை ஆள் விட்டுப் பார்த்தாள். அவன் வரவில்லை. யாரோ ஒருவருடைய தேங்காய் மண்டியில் வேலைக்கு நிற்கிறான் என்று கேள்வி. கல்யாணம் காட்சிக்குப் போனால், மாப்பிள்ளை வரலீங்களா என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அவள் போவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்று காலை, பேங்கில் புதுக் கடனுக்குப் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார்கள் என்று எடுத்துத் தூசி தட்டினாள். தட்டியவள் தலைப்பில் இருந்த மாதங்களைப் பார்த்தாள்.

ஜூலை பாதி போன பிறகுதானே ஆடியே பிறக்கிறது. ஆடியில் வந்த கொப்பரையில் பாதிக்குமேல் ஆகஸ்டில்தானே எண்ணெயாகியிருக்கும்.

ஆகஸ்டு விற்பனையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, சோறு தண்ணி மறந்து இரண்டு கணக்கையும் வாரவாரமாகப் பிரித்து எழுதினாள். ஒரு டின்கூடக் குறையவில்லை.

அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. சாயங்கால பஸ்ஸில் அப்பாவையே உடுமலைக்குக் கூட்டிப்போய்விடலாம். தப்பு நடந்துபோச்சு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சத்துக்கு அவள் இருக்கிறாள், காலில் விழுந்தாவது அவனை அழைத்துவந்துவிடுவாள்.

"ஏனுங்கப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. அவரு எடுக்கலீங்க. நீங்க எழுதுன மாசம் வேற, அவரு எழுதுன மாசம் வேறீங்க."

தம்பிதுரை கண்ணாடியை எடுக்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. காகிதங்களை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"தெரியும் அம்மணி. ஆவணிக் கணக்கு முடிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த நாப்பது டின்னும் ஆகஸ்டு எண்ணெயில வந்து நின்னுச்சு."

அப்பா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். உன் தம்பி யுவராஜ் அப்போதான் காலேஜ் முடிச்சுப்போட்டு வந்தான், மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டா அவனை எங்கே உட்காரவைக்கிறது என்றார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களேப்பா."

அவர் எழுந்து வந்தார். சின்ன வயதில் செய்வதுபோல மகளின் தலையைத் தடவிவிட்டார்.

"சொல்லியிருந்தா நீயும் அவரு பின்னாலயே போயிருப்பியே கண்ணு."